டீச்சர் வீட்டு வாஷிங் மெஷின்

பெரியவளே,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். தம்பி வந்ததும் அவனுக்கும் போட்டுக் கொடு.

வாஷிங் மெஷின் ரிப்பேர் தொழில் தொடங்கி நான் வாசலில் போர்டு மாட்டிய அன்று, "மானம் போகுதும்மா, கழட்டிடு" என்று அழுதாய். அதற்கப்புறம் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

இன்று உன் கணக்கு டீச்சர் போன் செய்தார். அவர் வீட்டு மெஷின் நின்றுவிட்டதாம். "என் நம்பர் எப்படிக் கிடைச்சுது மேடம்?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணுதான் குடுத்தா. எங்கம்மா கை வச்சா ஓடாத மெஷினே கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாளே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு அங்கேதான் கிளம்புகிறேன்.

அம்மா

பி.கு.: நீ சொன்னது கொஞ்சம் ஓவர்தான்டி. ஆனாலும் அதை உண்மையாக்காமல் வீடு திரும்ப மாட்டேன்.