அடுத்த ஆள் வர்ற வரைக்கும்

என்னங்க,

செங்கத்துல பாய்க்குக் குடியை நிறுத்தற மாத்திரை வாங்கிட்டு வந்ததும் சாமைச் சோறு போட்டுச் சாப்பிடுங்க. நான் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போறேன்.

நீங்க கெளம்பினதுமே உங்க பட்டாளத்துக் கூட்டாளி கலீலுல்லா பாய் பையைத் தூக்கிட்டாரு. கையெல்லாம் நடுங்குது. ஒயின்ஷாப்புக்குத்தான், வேற இன்னா? வாசல்ல மறிச்சேன். "அடுத்த ஆள் வராம சென்ட்ரி எடத்தை வுட்டு நகரக் கூடாது"ன்னு நீங்க சொல்வீங்களே, அதையே அதட்டிச் சொல்லி, காயற புளிக்குக் குரங்கு வராம காவல் போட்டேன். சல்யூட் அடிச்சுட்டு உக்காந்துட்டாரு! மொதல்ல போய் அவரை மாத்திவுடுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு.

ராத்திரி போட்ட சண்டை இன்னும் முடியல. இனிமே யாரையாவது கூட்டிட்டு வந்தா முன்னாடியே சொல்லுங்க.

கலைவாணி

"குடிகாரனை நம்பி வூட்டை எப்படி வுடறது"ன்னு கேட்டேன் இல்ல? சாவி கலீலுல்லா அண்ணன்கிட்டத்தான் இருக்கு.