அக்காவின் மூக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். மூன்று வாரமாக நான் போன் அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான், குறை சொல்லவில்லை. கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். கிழித்துப் போடுவதென்றால் போடு, ஆனால் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. டாக்டர் மாடிப்படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். நம் வீடு மூன்றாவது மாடி. "அப்போ இனிமே நான் கீழ இறங்கினாத்தானே ஏறணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கு டாக்டர் சொல்லி ஓய்வு கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிகிறது.

ஆஸ்பத்திரிச் சலவை அறையில் புது மிஷின் வந்திருக்கிறது. பழையது போடுகிற சத்தத்தில் நாங்கள் எட்டுப் பேரும் கத்திப் பேசிப் பழகியவர்கள். புதியது சத்தமே போடுவதில்லை, நாங்கள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறோம். மேல் மாடியில் நோயாளிகள் கேட்டுச் சிரிக்கிறார்களாம். மற்றபடி என் வேலை அதேதான். வருகிற மூட்டையைப் பிரித்து, எது எதனால் அழுக்கானது என்று பார்த்து வகை பிரிப்பது. கண்ணால் தெரியாததை மூக்கால் கண்டுபிடிப்பேன். அதற்குத்தானே என்னை அங்கே மூக்கம்மா என்கிறார்கள். நானும் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி பெருமையாக வைத்துக்கொண்டேன்.

சிட்டு நன்றாக இருக்கிறாள். அவளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அவள் உன் மகள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாய். புது வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாயிற்று, இனிமேல் பிள்ளை உன்னோடு இருக்கலாம் என்று முந்தின மாதமே பேசி முடிவு செய்ததுதான். அவள் காலையிலிருந்து பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். கதவைத் திறந்ததும் வழக்கம்போல் உன்னைக் கட்டிப்பிடித்தேன். பிடித்த கையை எடுக்காமலே "குடிச்சிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டேன். உன் மகளுக்கு முன்னால், உன் அத்தானுக்கு முன்னால், எதிர்வீட்டுக்காரி கோலப்பொடி இல்லாத வெறும் வாசலை எதற்கோ பெருக்கிக்கொண்டிருந்தாளே, அவளுக்கும் கேட்கும்படி. "இந்த நாத்தத்தோட பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்றும் கேட்டேன்.

நீ சண்டை போட்டிருக்கலாம். "ஊதிக் காட்டவா?" என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாய். சிட்டுவின் தலையில் கை வைத்தாய். தண்ணீர்கூடக் குடிக்காமல் படி இறங்கினாய். அந்த "சரிக்கா" இருக்கிறதே, அது என்னை இன்னும் விடவில்லை. தீர்ப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் சொல்லுகிற சரி அது.

மறுநாள் ஞாயிறு, திருவிருந்து. என் வரிசை வந்ததும் எல்லாரோடும் போய், முழங்கால் போடுகிற அந்த மரக் கிராதியில் கை வைத்தேன். வாசனை அடித்தது. முந்தின நாள் உன் சட்டையில் வந்த அதே வாசனை. மரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. போதகர் அப்பத்தோடு எனக்கு இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்டார். என்னால் கையை நீட்ட முடியவில்லை. எழுந்து என் பெஞ்சுக்குத் திரும்பினேன். நம் சபையில் வரிசையை விட்டு ஒரு பொம்பளை நடுவில் எழுந்து வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பாட்டுப் பாடுகிறவர்கள்கூட ஒரு வரியை விட்டுவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் இறங்கி நேரே ஆலயத்துக்குப் போயிருக்கிறாய். மூன்று மணி வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து பாலிஷ் போட்டிருக்கிறாய். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாயாம். "இதுல முட்டி போட முடியாம கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன் ஐயா, இதுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றாயாம். திருவிருந்திலிருந்து விலக்கி உன்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது யார்? சபைக் கமிட்டியில் எழுந்து உன் குடியைப் பற்றிச் சொன்னவள் நான்தான். அன்று சொன்னது உண்மை. தாயில்லாத ஐந்து வயசுப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டுக் கடையில் கிடந்தவனை வேறு என்ன செய்வது? அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் அதே கூட்டத்தில், "என் தம்பியை நான் மன்னித்துவிட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். பார்த்தவர்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

அதனால் தம்பி, பாலிஷ் வாசனையைச் சாராயம் என்று தப்பாக நினைத்துவிட்டேன், மூக்கு ஏமாற்றிவிட்டது, அக்காவை மன்னித்துவிடு.

மேலே இருக்கிற அந்த வரியை எழுதி ஒரு வாரம் ஆயிற்று. அதோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். உறையில்கூடப் போட்டுவிட்டேன். திரும்ப எடுத்தேன். அந்த வரி பொய். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும்.

பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரித் துணியில் நிற்கிறவள் நான். காலையிலிருந்து மாலை வரைக்கும் ஸ்பிரிட் வாசனையில்தான் இருக்கிறேன். ஸ்பிரிட்டுக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் எனக்கா தெரியாது? உன் தோளில் முகம் வைத்த அந்த நிமிஷமே தெரியும். உன் நகக்கண்ணில் செம்பழுப்பாக அரக்கு ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். பாலிஷ்காரன் பாலிஷ் வாசனையோடு வருகிறான், அவ்வளவுதான் விஷயம். ஆனால் கதவோரம் பிள்ளையின் பெட்டி தெரிந்தது. அதன் மேல் அவள் செருப்பைத் துடைத்து வைத்திருந்தாள். இன்னும் அரை மணியில் இந்த வீடு காலியாகிவிடும் என்று தோன்றியது. அப்புறம் என் வாயிலிருந்து வந்தது உனக்குத் தெரியும்.

ஆறு வருஷம், தம்பி. நான் பெறாத பிள்ளை. ராத்திரி காய்ச்சலுக்கும் பல் விழுந்ததற்கும் கணக்குப் பரீட்சைக்கும் நான்தானே இருந்தேன் என்று ஒரு நினைப்பு. நீ குடித்துக்கொண்டிருக்கும்வரை அவள் என்னிடம்தான் இருப்பாள். நீ திருந்தியபோது சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ, நீ ஒரு தடவையாவது வழுக்கினால் பரவாயில்லை என்றும் இருந்திருக்கிறது. நீ குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. உன் குடியை நான்தான் இன்னும் விடவில்லை.

ஒவ்வொரு தடவை வரும்போதும் வாசலிலேயே உன்னைக் கட்டிப்பிடிப்பேனே, அது பாசம் என்று நினைத்திருப்பாய். பாதி பாசம், பாதி மோப்பம். போன வாரம் உன் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டேன். "தம்பி ஒழுங்கா வேலைக்கு வர்றானா?" என்று கேட்டேன். தினமும் வருகிறான், சாப்பாடுதான் குறைந்துவிட்டது என்றார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அதுவும் மோப்பம்தான். இருந்தாலும் அன்று என் வீட்டு வாசலிலிருந்து நீ நேரே கடைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் சமையலறையில் முழங்கால் போட்டு அழுதேன். போயிருந்தால் அந்தக் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். கர்த்தர் உன்னை என்னிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வெளுத்த விரிப்பு அலமாரிக்குப் போய்விட்டால், நேற்று அதில் யார் படுத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. இன்று வருகிறவருக்கு அது புது விரிப்பு. உன்னை ஆண்டவர் வெளுத்து மடித்து வைத்துவிட்டார். நான் தினமும் அலமாரியைத் திறந்து உதறி உதறிக் கறை தேடிக்கொண்டிருந்தேன். உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூக்க இனிமே வேலை முடிஞ்சதும் அங்கேயே கழட்டி வச்சிட்டு வா" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

போதகரிடமும் போனேன். மன்னிப்புக்காக ஜெபியுங்கள் ஐயா என்று கேட்டேன். ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு, "இப்ப யாருகிட்டக் கேக்கணுமோ அங்க போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கே போவதற்கு முன் சிட்டுவிடம் போனேன். அன்று நீ போன பிறகு அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு உடையாக எடுத்துப் பழைய அலமாரித் தட்டில் அடுக்கினாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டாள். உன் பேரை எடுக்கவே இல்லை. அப்பா இப்படித்தான் என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. நாலு நாளைக்கு முன் அவள் எதிரில் உட்கார்ந்து, "உங்கப்பா அன்னைக்குக் குடிக்கல. அத்தைக்கு அது தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்" என்றேன். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அப்போ முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க. அப்புறம் நான் உங்ககூடப் பேசுறேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கேட்டால் தலையாட்டுகிறாள். பிடிவாதம் யாரைப் போல் என்று கேட்காதே, நம் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அன்று மாலையே பெட்டியைத் திரும்பவும் எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ. நீ என்னை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி, பிள்ளை உன்னோடு வருகிறாள். இதையும் அதையும் நான் முடிச்சுப் போடவில்லை. மன்னிப்பு கேட்கிறேன், அதற்கு உடனே "பரவால்லக்கா" என்று சொல்லிவிடாதே. பரவாயில்லாத காரியம் இல்லை இது. திட்ட வேண்டும் என்றால் திட்டு. ஒரு வருஷம் ஆனாலும் பொறுத்திருக்கிறேன். நீ ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் உட்காரவில்லையா? போன ஞாயிறு நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய பிடரியும்தான் தெரிகிறது. நீ எப்படி இருந்தாய் தம்பி அத்தனை நாள்?

சிட்டுவைப் பற்றிச் சில காரியம். நேரில் சொல்ல என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன். பால் பிடிக்காது என்பாள், நம்பாதே, நீ பார்க்காதபோது குடித்துவிடுவாள். தலை வாரும்போது இடது பக்கம் சிக்கு விழும், அடியிலிருந்து மேலே வர வேண்டும், அவசரப்பட்டால் வலிக்கும், ஆனால் சொல்ல மாட்டாள். கணக்குக்கு விரல் விட்டு எண்ணுகிறாள், விடு, போகப் போகச் சரியாகிவிடும். கோபம் வந்தால் ஜெபத்தை ரொம்ப வேகமாகச் சொல்லி முடிப்பாள், அதை வைத்துக் கண்டுபிடி. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே போய் நில். ஒரு நாளும் அவள் உன்னைத் தேடும்படி வைக்காதே. நீ வைக்க மாட்டாய், எனக்குத் தெரியும். பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

புது வீட்டுக்கு இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கி வைத்திருப்பதாக நீ முன்பு போனில் சந்தோஷமாகச் சொன்னாய். கர்த்தர் அந்த வீட்டையும், அதில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு வேளையையும் ஆசீர்வதிக்கட்டும். அவசரமே இல்லை, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது, இன்னும் ஒரு தட்டு வாங்கி வைப்பாயா? உன் அத்தான் சமைத்த பாத்திரத்திலேயே சாப்பிட்டுக்கொள்வார்.

உன் அக்கா