கட்டைக்குக் கண்ணு கீது

மாமு,

இன்று காலை முகத்துவாரச் சேற்றில் ஒரு பனங்கட்டை ஒதுங்கிக் கிடந்தது. மேலெல்லாம் கறுப்பு எண்ணெய். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, நீ உயிரோடு இருந்தபோதும் மீனும் பீடியுமாக நாறியவன்தான்.

அந்த வெள்ளம் வடிந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? ஆறு முழுக்கக் கம்பெனி எண்ணெய். வலை பாழ். கரையில் குந்துவதைத் தவிர நமக்கு வேலை இல்லை. எண்ணெயில் மாட்டிய கூழைக்கடாப் பறவைகளைப் பிடித்துக் கழுவிவிட ஆட்கள் வந்தார்கள். அலையாத்திச் செடிகளுக்கு அந்தப் பக்கம் கிடந்ததை நீதான் எனக்குக் காட்டினாய். ஆள் நீளம்கூட இல்லாத முதலை. மேலே ஏரியிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த நல்லதண்ணி ஜாதி. தார் பூசியதுபோல் கிடந்தது.

பறவை பிடிக்க வந்த ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாய். அந்த இனமே குறைந்துபோய்விட்டது, இங்கே எப்படி வரும், உடும்பாக இருக்கும் என்று அவர் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"கொறஞ்சி பூட்டா வரக்கூடாதா? நாமளுந்தான் கொறஞ்சி பூட்டோம்" என்று முனகினாய். பறவைக்கு சோப்பு போடுகிறார்களே, இதற்கு யார் போடுவார்கள் என்று கேட்டாய். நீயே போய் முதுகு தேய்த்துவிடு என்றேன். நீ சிரிக்கவில்லை.

தெருவுக்குத் தெரிந்தால் கல்லாலேயே அதை முடித்துவிடுவார்கள் என்பது உன் பயம். தினமும் அதற்கு எதிரே காவல் குந்தினாய். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க வரும் பெண்களிடம், அங்கே சேறு ஆளை உள்ளே இழுக்கிறது என்று புளுகித் திருப்பி அனுப்பினாய். மற்றவர்கள் கேட்டால் ஒரே பதில், கட்டை. ஒருத்தன் கையில் கல்லோடு உற்றுப் பார்த்தான்.

"இன்னாபா, கட்டைக்குக் கண்ணு கீது?"

"எனக்குந்தான் கீது. நான் கட்டை இல்லியா?"

அவன் சிரித்தபடி கல்லைப் போட்டுவிட்டுப் போனான்.

பிறகு ஒரு மழை. தண்ணீர் ஏறியது. விடிந்து பார்த்தால் இடம் காலி. ஏரிக்குத்தான் திரும்பிப் போயிருக்கும் என்றாய். கடலுக்குப் போய்ச் செத்திருக்கும் என்று சீண்டினேன். பொழுது சாயும்வரை நீ என்னோடு பேசவில்லை. எங்கே போனதோ, அதைத் தேடத்தான் யார் இருந்தார்கள்?

உன் நெஞ்சுச்சளி அதற்கப்புறம் இறங்கவே இல்லை. சுடுகாட்டில் யாரோ, ஒல்லிக்கட்டை, சீக்கிரம் வெந்துவிடும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மகன் முறைத்தான்.

இப்போது எனக்கும் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. ஆறு அதே சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. கேலி பண்ணினால் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

காலையில் ஒரு தூண்டில்காரன் பக்கத்தில் வந்து, அது முதலையா என்று கேட்டான். பனங்கட்டை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் மாமு, அவன் நம்பவில்லை. அசைகிறதா பார்க்கலாம் என்று கல்லை எடுத்தான். என் கை தானாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"கட்டைனு நீதானே சொன்ன பெருசு? அடிச்சா இன்னா?"

"கட்டைனா சும்மா கெடக்கட்டுமே நைனா."

கல்லைப் போட்டுவிட்டு வேறு இடம் பார்த்துப் போனான். வெயில் ஏறிவிட்டது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.