போன் வராத கடை

1952 டிசம்பர் 3, புதன். லண்டன்.
ஒரு வாரமாக எங்கள் அலுவலகத்தின் புதுக் கணக்கு இயந்திரம் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் டீக்கடைகளுக்கு மறுநாள் எத்தனை ரொட்டி, எத்தனை பன் என்று அதுவே கணக்குப் போட்டுவிடுகிறது. முன்பு அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் டோரீன் கடை கடையாகப் போன் செய்து கேட்பாள். இனி மாற்றம் வேண்டுமென்றால் கடைக்காரர்களே கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் நேற்று போனதே போகும். இந்த விதி என்னுடையது. கொஞ்சம் மார்தட்டிக்கொண்டால் என்ன?

ஹாக்னி கடையை நடத்திக்கொண்டு அதன் மாடியிலேயே தனியாகக் குடியிருக்கும் என் அக்கா மேபலிடம் சொன்னேன்.

"போடா செசில். டோரீன் கூப்பிட்டா ரெண்டு வார்த்தை பேசுவா. உன் பெட்டி 'இருமல் எப்படி இருக்கு'ன்னு கேக்குமா?"

டிசம்பர் 5
மூடுபனி. கரிப்புகையோடு சேர்ந்து மஞ்சளாக. பஸ் ஓடவில்லை.

டிசம்பர் 6, சனி
இன்னும் மோசம். பணிப்பெண்கள் வரவில்லை, திங்களுக்குப் பாதி அனுப்பினால் போதும் என்று எல்லாக் கடைகளும் கூப்பிட்டன. ஹாக்னி மட்டும் கூப்பிடவில்லை. "எங்க அக்கா எதுக்கும் அசரமாட்டா" என்று டோரீனிடம் பீற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்
காலையில் வண்டிக்காரர் ஆல்ஃப் போன் செய்தார். "சார், ஹாக்னியில சனிக்கிழமை வெச்ச ட்ரே பின்வாசல்ல அப்படியே இருக்கு. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், யாரும் திறக்கல."

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கதவை உடைத்தோம். அக்கா மாடிப்படிக்குக் கீழே கிடந்தாள். உதடெல்லாம் நீலம். மூச்சு இருந்தது, இழையாக.

சனி முழுக்க? ஞாயிறு முழுக்கவா? ஐயோ, நான் பன் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேனே!

டிசம்பர் 9
அக்கா போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை.

டிசம்பர் 10
மேலாளர் பெட்டிஃபர் தோளைத் தொட்டார். "மெஷின் மேல தப்பில்லப்பா. சொன்னதத்தான செஞ்சது?"

சொன்னது யார்?

டோரீன் அழுதுகொண்டிருந்தாள். "நானா இருந்தா சனிக்கிழமையே கூப்பிட்டிருப்பேன் சார்."

டிசம்பர் 13
அடக்கம் முடிந்து, அவள் துணிமணி எடுக்க ஹாக்னிக்குப் போனேன். பூட்டிய கடையின் பின்வாசலில் இன்றைய ட்ரேக்கள். பன் இன்னும் மெத்தென்று இருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் கூப்பிடவில்லையே. நானும் கூப்பிடவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 22
விதியை மாற்றிவிட்டேன். கூப்பிடாத கடை எது என்று இயந்திரம் சொல்லும். டோரீன் போன் செய்து, குரலைக் கேட்ட பிறகுதான் வண்டி. நேரம் வீண் என்றார் பெட்டிஃபர். ஆகட்டும் என்றேன்.

இன்று கூப்பிடாத கடைகளின் பட்டியலில் முதலில் வந்தது ஹாக்னி. போனை எடுத்தது அங்கே புதிதாக வந்திருக்கும் அம்மாள்.

"இன்னைக்கு மாதிரியே நாளைக்குமா? சரிங்க," என்றாள் டோரீன். அப்புறம், "உடம்பு எப்படி இருக்கு?"

பதில் வரும்வரை நான் அவள் பக்கத்திலேயே நின்றேன்.