பொரியிட அண்ணன் வேண்டும்

1927, மாசி 4
பர்மாவில் மாசி இப்படித்தான்: காலையில் பனி, ஒன்பது மணிக்கே சுட்டெரிக்கும் வெயில். லத்தா பேட்டைக் கடைத்தெருவில் வாங்க வேண்டியவை: மஞ்சள், சரிகைக் காகிதம், பொரி இரண்டு படி. தங்கை கமலா கல்யாணத்துக்கு ஆறே நாள்.

பொரி என்றதும் அப்பா முகம் கறுத்துவிட்டது. ஓமத்தில் பெண்ணின் கையில் பொரி இட வேண்டியவன் அவள் அண்ணன். என் தம்பி ராசு பர்மாக்காரி மா சேனைக் கட்டி மூன்று வருஷம். அன்று அப்பா விரட்டியதோடு சரி, வாசல் மிதிக்கவில்லை.

"மாமா மவன் சுந்தரம் போடட்டும். அந்தப் பேச்சை இத்தோட விடு" என்றார் அப்பா.

விடமாட்டேன். அம்மா போன பிறகு இந்த வீட்டை நடத்துகிறவள் நான்.

மாசி 6
டிராமில் அலோன் பேட்டைக்குப் போனேன். கிடங்குகளுக்குப் பின்னால் ராசு வீடு. இருவரையும் சேர்த்து நிறுத்தித் தாம்பூலத் தட்டை நீட்டினேன். தம்பி கை நீட்டவில்லை.

"அப்பா வந்து கூப்பிடட்டும்க்கா."

மா சேன், "அவரு மட்டும் போவட்டும் அக்கா. நான் வந்தா சண்டை" என்றாள்.

"வந்தா ரெண்டு பேரும். தெருமுனை வரைக்கும் வாங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தட்டை அவள்தான் வாங்கினாள். மூன்று வருஷம் நானும் எட்டிப் பார்க்கவில்லையே. வெட்கமாக இருந்தது.

மாசி 9
வாழைமரம் வந்தது. ஒன்று குட்டை. அப்பாவுக்கு எல்லார் மேலும் எரிச்சல், மரத்தின் மேலும். கமலாவுக்கு மருதாணி வைக்கும்போது காதில் ஒன்று சொன்னேன்.

"அக்கா, அப்பா அடிப்பாரே!"

"அடிச்சா என்னைத்தான் அடிப்பாரு."

மாசி 10
முடிந்தது. கால் வலி. தொண்டை கட்டிவிட்டது.

தாலி ஏறியது. ஓமம். சுந்தரம் பொரித் தட்டோடு வந்தான். கமலா இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டாள்.

"கையை விரிம்மா, நேரமாறது" என்றார் ஐயர்.

"எங்க அண்ணன் வந்து போடட்டும்."

அப்பா நேரே என்னைப் பார்த்தார். பயந்துதான் போனேன், ஆனால் தலை குனியவில்லை.

"எங்கடி அவன்?"

"தெருமுனையில, குதிரை வண்டியில. ரெண்டு பேரும். நீங்க கூப்பிட்டாத்தான் இறங்குவாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். திட்டிக்கொண்டேதான். திரும்பி வரும்போது பின்னால் இரண்டு பேர். மருமகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

ராசு பொரியை அள்ளினான். கமலா கையை விரித்தாள். உள்ளங்கை மருதாணியில் நகம் பதிந்த தடம்.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. போகட்டும். பந்தியில் மா சேன் இலையில் அவரே இன்னொரு வடை வைத்ததை நான் பார்த்துவிட்டேன்.