ஒரு சாண் நீளத்தில் உங்கள் வண்டி

என் ஆசை அக்காவுக்கு,

உங்கள் வண்டியைச் செய்து முடித்துவிட்டேன். ஒரு சாண் நீளம். முன் விறாந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மாதான் அதைப் பற்றி விளக்கம் சொல்கிறார். ஓம், நம்முடைய அம்மாதான். நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் இன்னும் டவுனில் பல்லுக் கட்டுகிற வேலைதான். ஓய்வு நேரத்தில் மாதிரிகள் செய்கிற பைத்தியமும் விடவில்லை. ஆனால் இவ்வளவு காலமும் நான் செய்ததெல்லாம் கப்பல்கள். டாங்கி, கவச வண்டி என்று ஒன்றையும் தொட்டதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். போரால் நம் ஊர் திரியாயில் இருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றுக்கு வந்த பிறகும், வீதியால் கவச வண்டி போனால் அம்மா நம் இருவரையும் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார். சத்தம் அடங்கிய பிறகும் கதவைத் திறக்க விடமாட்டார்.

அந்த அம்மாவின் மகள்தான் நீங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய், அங்கே கவச வண்டி ஓட்டினீர்கள்! யாரோ தூர தேசத்து இராணுவத்துக்கென்று செய்த வண்டி. முன்னால் உருளை, உருளை நிறையச் சங்கிலிகள். உருளை சுழலச் சுழலச் சங்கிலிகள் நிலத்தை அடிக்கும். புதைந்து கிடக்கும் வெடி அங்கேயே வெடித்துப்போகும். உங்கள் அணியில் அதை ஓட்டிய முதல் பெண் நீங்கள்தான்.

எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னீர்கள். வீட்டில் சொன்னது வேறு. கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் முகாமில் ஒபிஸ் வேலை என்றீர்கள். விடுமுறைக்கு வரும்போது அம்மா உங்கள் முகத்தைப் பிடித்துப் பார்ப்பார். "ஒபிசுக்குள்ள இருந்தோ பிள்ளை இப்பிடிக் கறுத்தனீ?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "யன்னல் பெரிசம்மா" என்பீர்கள்.

ஒருநாள் என் பல்லுக் கட்டுகிற கடைக்கு வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டீர்கள். நான் கதைத்தது ஒன்றும் உங்கள் காதில் ஏறவில்லை. காலையில் பெரிய வெடி ஒன்று உருளைக்குக் கீழே வெடித்ததாம். தகடு வளைந்து, கண்ணாடி வெடித்து, வண்டி நின்றுவிட்டதாம். "எனக்கு ஒண்டுமில்லையடா. காதுதான் கூவுது. அம்மாட்டச் சொல்லாதை." இனியும் அந்த வண்டியில் ஏறுவீர்களா என்று உரத்துக் கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தீர்கள். "பின்னை? பாதிக் காணி இன்னும் கிடக்கெல்லோ."

வெடி உங்களை ஒன்றும் செய்யவில்லை. நோய்தான் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு வந்த உங்கள் அணிப் பிள்ளைகள்கூட அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள் போல.

நீங்கள் போய் ஒரு வருடத்தில், ஆட்டைத் திவசத்தன்று சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் சாப்பிட்டுக் கைகழுவியபடி சொன்னார், "பாவம் அந்தப் பிள்ளை. ஒரு ஒபிசுக்குள்ளயே அதின்ர காலம் முடிஞ்சு போச்சு." அம்மாவும் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அக்கா. நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை என்ன, இவர்கள் இரக்கப்படுகிற வாழ்க்கை என்ன? அன்றுதான் முடிவெடுத்தேன்.

கடையில் விற்கிற மாதிரிப் பெட்டிகளில் உங்கள் வண்டி இல்லை. உங்களுக்குப் பிறகு அதை ஓட்டுகிற கிண்ணியா ஊர் றிசானாவைத் தேடிப் பிடித்தேன். அவள் அளவுநாடாவால் மூலை மூலையாக அளந்து, படமும் எடுத்து அனுப்பினாள். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டினேன். பான்சிக் கடையில் மெல்லிய கழுத்துச் சங்கிலிகள் வாங்கித் துண்டு துண்டாக நறுக்கி உருளையில் தொங்கவிட்டேன். சங்கிலி நுனியில் மண்ணை அடிக்கிற குண்டுகளுக்கு ஈயத்துளி. யன்னலுக்குப் பல்லுக் கட்டுகிற தெளிந்த அக்ரிலிக்.

எல்லாவற்றையும் விட, வெடியில் வளைந்து இன்னும் அப்படியே இருக்கும் அந்தத் தகடுதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. பல்லுக்கு மெழுகு வெட்டுகிற கத்தியைச் சூடாக்கி வளைத்தால் ஒன்றில் கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். எத்தனை தகட்டை எறிந்தேனோ! கடைசியில் சரியாக வந்தபோது, படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தனியே சிரித்தேன். பிறகு நிறம் பூசி, வெயிலில் வெளிறியது போலத் தேய்த்து, திரியாய் மண்ணைத் துணியில் அரித்து மேலே தூவினேன். திறந்த கதவடியில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி சிறு உருவமாய் நீங்கள் நிற்கிறீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"என்ன தம்பி இது? ஆமி வண்டியோ?"

"ஆமிக்கெண்டு செய்ததுதான் அம்மா. பிறகு…"

"எடு. இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்."

"அம்மா, இது அக்கா ஓட்டின வண்டி."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "அவள் ஒபிசில எல்லோ இருந்தவள்?"

இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெடித்த கதை உட்பட. அம்மா அழவில்லை. "அவள்தான் மறைச்சாள். நீயுமோ?" என்று கேட்டுவிட்டு எழும்பி அறைக்குள் போனார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. ஆனால் வண்டியை மேசையில் இருந்து எடுக்கச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை நான் எழும்பி வரும்போது, அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு மேல் குனிந்து நின்றார்.

"இந்தச் சங்கிலி என்னத்துக்கு?"

"நிலத்தை அடிக்க."

"அப்ப இது ஆக்களைக் கொல்லாதோ?"

"இல்லை அம்மா. ஆக்களைக் கொல்லக் கிடக்கிறதை இது முதல்லயே கொன்றுபோடும்."

ஒரு சங்கிலியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு உங்கள் உருவத்தை விரலால் காட்டினார். "இது பிழை. வேலைக்குப் போகேக்க அவள் கொண்டை போடமாட்டாள். பின்னி, மடிச்சுக் கட்டுவாள்." தையல் பெட்டியில் இருந்து கறுப்பு நூல் எடுத்துத் தந்தார். அவர் பின்னிக் காட்டக் காட்ட நான் இடுக்கியால் பின்னினேன். மூன்று தரம் அவிழ்க்க வைத்தார். நாலாம் தரம், "ஓம், இப்பதான் என்ர பிள்ளை" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார், அக்கா. நானும்தான்.

அடுத்த கிழமை அந்தச் சொந்தக்காரப் பெண்மணியை அம்மாவே வீட்டுக்குக் கூப்பிட்டார். வண்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தி, உருளை எப்படிச் சுழலும், தகடு ஏன் வளைந்தது என்றெல்லாம் சொன்னார். பாதி பிழை. நான் திருத்தவில்லை.

போன மாதம் றிசானா எங்களைக் கூப்பிட்டாள். உங்கள் வண்டி இப்போது ஒரு காட்டோரக் காணியில் வேலை செய்கிறது. பாதுகாப்புக் கயிற்றுக்கு வெளியே, தூரத்தில் நின்று பார்த்தோம். வண்டி இரைந்தது, சங்கிலிகள் சுழன்று மண்ணைக் கிளப்பின. அம்மா என் கையைப் பிடித்திருந்தார். கண்ணை மூடவில்லை. வேலை நின்றதும் றிசானா வியர்த்துக்கொண்டு வந்து, "அம்மா, எனக்கு ஓட்டப் பழக்கினது உங்கட மகள்தான். நான் பயந்தா, 'பாத்து ஓட்டு, பயந்து ஓட்டாதை' எண்டு பேசுவாங்க" என்றாள்.

அங்கே புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர் எங்களிடம், "நீங்க காணிச் சொந்தக்காரரோ?" என்று கேட்டார்.

அம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "இல்லைத் தம்பி. இந்த வண்டி ஓட்டினவளின்ர தாய் நான்."

அந்தக் குரலை நீங்கள் கேட்டீர்களா அக்கா?

இனி உங்களை யாரும் ஒபிஸ் பிள்ளை என்று சொல்ல விடமாட்டேன். நீங்கள் வெடி எடுத்துக் கொடுத்த காணிகளுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன், ஒன்றும் விடாமல். அங்கே உழுகிறவர்களிடம் உங்கள் பெயரைச் சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்குத் தம்பியாய்ப் பிறந்த பெருமையோடு,
குகன்