அக்காவின் வேதாகமம்

அன்புள்ள அத்தான்,

தம்பானூர்ச் சக்கரவர்த்தியாகிய உங்கள் மைத்துனன் எழுதுவது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இனி சொந்த வேதாகமம் கொண்டுவந்து, வாரம் ஒரு பகுதி வாசிக்க வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். நீங்கள் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய மலையாள வேதாகமத்தை விட்டுவிட்டு, உங்கள் மகள் ரெம்யா, என் அக்காவின் தமிழ் வேதாகமத்தைச் சபைக்குச் சுமந்து வந்தாள். அது பொன்முடி மலையைவிடக் கனம்.

தமிழ் எழுத்தே அறியாதவள், அதை விரித்துக்கொண்டு ஒரு சங்கீதம் முழுவதையும் பிழையின்றிச் சொன்னாள். மூச்சு விட்ட இடங்கள்கூட அக்காவுடையவை. சிங்கங்களை விரட்டிய நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும், "ஆஸ்பத்திரியில அம்மா சொல்லித்தந்தது இது ஒண்ணுதான். அடுத்த ஞாயிறு எந்து செய்யும், மாமா?" என்றாள்.

எழுத்தை நான் கற்றுக்கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நீங்கள் வேண்டும். அக்காவின் அடக்கத்துக்குக் கிடைக்காத லீவை இப்போதாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
ராஜ்யம் இழந்த மைத்துனன்